ஓட்டி முடித்த பிறகு எதில் உட்காருவது? லடாக் வழி நாட்குறிப்பு

மணாலி

வண்டிகளை ரயிலில் பார்சலாகச் சண்டிகர் வரை அனுப்பி, அங்கிருந்து ஓட்டிக்கொண்டு இன்று மதியம் மணாலி வந்து சேர்ந்தோம். நானும் என் தாய்மாமாவும். இருவரிடமும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், பழைய 411 சிசி. மாமா வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். அதில் மிஞ்சியது இடுப்பில் டிஸ்க் தொந்தரவு. "வண்டி மேல இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியல மாப்ளே, இறங்கி உக்காந்தாத்தான் வலி" என்பார். இந்தப் பயணத்தில் நான் உன்னிப்பாகக் கவனிக்கப் போவது அதைத்தான். ஓட்டி முடித்த பிறகு எதில் உட்காருவது?

டயர், ஹெல்மெட், செயின் ஸ்ப்ராக்கெட் பற்றியெல்லாம் தமிழில் நல்ல குறிப்புகள் கிடைக்கின்றன. இருக்கையைப் பற்றி அதிகம் எழுதக் காணோம். ஊர்ப்பக்கம் அதற்குத் தேவையும் இல்லை. டீக்கடை பெஞ்சும் கோயில் திண்ணையும் இருக்கின்றன. டென்ட் போட்டுத் தங்குகிற பாதையில் அப்படிக் கிடையாது. மாலை நாலு மணிக்கு வண்டியை நிறுத்தினால் தூங்கப் போக ஒன்பது ஆகிவிடும். சமைப்பது, சாப்பிடுவது, செயினுக்கு எண்ணெய் போடுவது, பேசுவது எல்லாம் எதன் மேலாவது உட்கார்ந்துதான் நடக்க வேண்டும். கல் மேல் உட்கார்ந்தால் குளிர் ஏறும். வெறுந்தரையில் உட்கார்ந்தால் முழங்கால் கவசத்தோடும் பூட்ஸோடும் எழுந்திருப்பது பெரும்பாடு.

கொண்டுவந்திருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது அலுமினியக் கம்பி நாற்காலி. டென்ட் கம்பி போலவே உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடும். உதறினால் கம்பிகள் தாமாகவே கோத்துக்கொள்ளும், நாலு மூலையிலும் துணியை மாட்டினால் நாற்காலி தயார். இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது ஹெலினாக்ஸ். டென்ட் கம்பிகளுக்குப் பேர்போன டிஏசி என்ற கொரிய நிறுவனத்திலிருந்து கிளைத்தது அது. அவர்களுடைய சேர் ஒன் சுமார் ஒரு கிலோ, 145 கிலோ வரை தாங்கும். சேர் ஸீரோ அரைக் கிலோதான், 120 கிலோ தாங்கும். என்னிடம் இருப்பது அதே வடிவத்தில் செய்த மலிவுப் பதிப்பு. சுருட்டினால் 35 செ.மீ. நீளம், வண்டியின் பக்கவாட்டில் மாட்டும் பன்னியர் பெட்டிக்குள் நெடுக்காக அடங்கிவிடும்.

மாமாவிடம் இருப்பது கான்வாஸ் முக்காலி. மூன்று கால், நடுவில் ஒரு முடிச்சு, மேலே முக்கோணத் துணி. சாய்மானம் கிடையாது, ஆனால் ஒரு முழம் உயரம் வரும்.

மூன்றாவதாக, காலே இல்லாத தரை நாற்காலி ஒன்று. நடுவில் மடியும் ஃபோம் மெத்தை, இரண்டு பக்கமும் வார். வாரை இழுத்து மாட்டினால் நம் உடம்புப் பாரமே முதுகைத் தாங்கும். அமெரிக்காவில் கிரேஸி கிரீக் என்ற பெயரில் வருவது இந்த வகைதான்.

கடற்கரையில் பார்க்கிற, குடை போல உறைக்குள் போகும் பெரிய மடக்கு நாற்காலியைக் கோவையிலேயே ஒதுக்கிவிட்டோம். உட்கார அதை விடச் சுகமானது இல்லை. ஆனால் மடித்தாலும் 85 செ.மீ.க்குக் குறையாது. ஹிமாலயனின் மொத்த அகலமே 84 செ.மீ. பின்சீட்டில் குறுக்கே கட்டினால் ஹேண்டில்பார் நுழைகிற சந்தில் நாற்காலி இடிக்கும். எதிரே ராணுவ லாரி வரும் ஒற்றைத் தடத்தில் அது வேண்டாத ஆபத்து.

ஜிஸ்பா

காலை அடல் சுரங்கம் வழியாக வந்தோம். 9.02 கி.மீ. நீளம், 2020 அக்டோபரில் திறந்தது, மணாலிக்கும் லேவுக்கும் இடையே 46 கி.மீ. மிச்சம். ரோதாங் கணவாயின் சேற்றில் ஏறி இறங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை முழுதாகத் தெரியும். வெளியே வந்தால் லாஹௌல் பள்ளத்தாக்கு. தாண்டி என்ற ஊரில் சந்திரா ஆறும் பாகா ஆறும் கலக்கின்றன; அங்கிருந்து அதற்குச் சந்திரபாகா என்று பெயர், கீழே போனால் செனாப். அடுத்த பெட்ரோல் பங்க் 365 கி.மீ. தள்ளி என்று எச்சரிக்கும் பலகை இருக்கிற இடமும் இந்தத் தாண்டி ஊர்தான். 15 லிட்டர் டேங்கை நிரப்பி, ஆளுக்கு ஒரு கேனும் எடுத்துக்கொண்டோம்.

கேலாங்கைத் தாண்டி 20 கி.மீ. சொச்சத்தில் ஜிஸ்பா. பாகா ஆற்றங்கரை முழுக்க உருண்டைக் கற்கள். டென்ட் போட்ட கையோடு மூன்று இருக்கைகளையும் வெளியே எடுத்தோம்.

முதல் பாடம் இங்கேயே கிடைத்தது. மேடு பள்ளமான கல்தரையில் என் நாலுகால் நாற்காலி ஏதாவது ஒரு காலில் ஆடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு காலுக்கும் கல்லைப் புரட்டி இடம் செய்ய வேண்டியிருந்தது. மாமாவின் முக்காலி வைத்த இடத்தில் நின்றது. மூன்று புள்ளி எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்று பள்ளியில் படித்ததுதான். தரை எப்படி இருந்தாலும் மூன்று காலும் தரையைத் தொட்டுவிடும். நம் பாட்டிமார் மூன்று கல்லில் அடுப்பு கூட்டியதும் இதனால்தான். ஆனால் அந்த மூன்று காலுக்குள்தான் நம் பாரம் இருக்க வேண்டும். மாமா பக்கவாட்டில் குனிந்து ஸ்பேனரை எடுக்கப் போனபோது முக்காலி ஒரு பக்கம் தூக்கியது. நாலுகாலில் அந்தப் பயம் இல்லை.

இரண்டாவது விஷயம் அடுப்பு. கேஸ் அடுப்பு தரையில் இருக்கிறது. என் நாற்காலியின் உயரம் ஒன்றரைச் சாண். உட்கார்ந்தபடியே கிளறலாம், உப்புப் போடலாம், மூடியைத் திறந்து பார்க்கலாம். முக்காலியிலிருந்து அதையே செய்ய மாமா இடுப்பை முழுக்க வளைக்க வேண்டியிருந்தது. கடையில் இருக்கையின் எடையைக் கேட்கிறோம், எவ்வளவு தாங்கும் என்று கேட்கிறோம், உயரத்தைக் கேட்பதில்லை. என் பார்வையில் அதுதான் முதல் கேள்வி. அடுப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் இருக்கையை வாங்க வேண்டும்.

"சமையல் உன் வேலை மாப்ளே, நான் மேல இருந்து உத்தரவு போடறேன்" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அப்படியே நடந்தது. ரவை உப்புமா, கேலாங்கில் வாங்கிய பட்டாணி.

உயரத்துக்கு உடம்பு பழக இங்கேயே இன்னும் ஓர் இரவு இருக்கிறோம். ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர். அடுத்து தங்கப்போகும் சர்ச்சு 4,290. ஒரே மூச்சில் ஏறுவது சரியில்லை.

ஜிஸ்பா, மறுநாள்

ஓட்டாத நாள். முழுப் பகலும் கிடைத்ததால் மாமாவின் முதுகை வைத்துப் பொறுமையாகப் பார்க்க முடிந்தது.

கம்பி நாற்காலியில் அவர் கால் மணி நேரம் உட்கார்ந்தார். முதலில் "ஆஹா" என்றார். பிறகு நெளிய ஆரம்பித்தார். எழுந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். காரணம் துணியின் தொய்வு. ஏணையில் போட்ட குழந்தை போல உடம்பு நடுவே இறங்கிவிடுகிறது. இடுப்பெலும்பு பின்பக்கம் சாய்கிறது. கீழ்முதுகில் இயல்பாக உள்நோக்கி இருக்க வேண்டிய வளைவு காணாமல் போகிறது. நல்ல முதுகுக்கு இது ஓய்வு. டிஸ்க் தொந்தரவு உள்ளவருக்கு அதுவே பாரம். மழைக்கால்சட்டையைச் சுருட்டிக் கீழ்முதுகுக்கும் துணிக்கும் நடுவில் வைத்துப் பார்த்தோம். வித்தியாசம் உடனே தெரிந்தது. அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சுருளை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினால் தோள் முன்னே தள்ளுகிறது, கீழே இறக்கினால் பயனில்லை. பெல்ட் போடும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே, அதுதான் சரியான இடம்.

முக்காலியில் முதுகு நேராக நிற்கிறது, வலி வருவதில்லை. ஆனால் ஓய்வும் கிடைப்பதில்லை, முதுகுத் தசை வேலை செய்துகொண்டே இருக்கிறது. முக்கோணத் துணியின் ஓரம் தொடையை அறுக்கிறது என்றும் சொன்னார். முக்காலியைத் திருப்பி, ஒரு கால் தன் இரண்டு தொடைக்கும் நடுவே முன்னால் வரும்படி வைத்துக்கொண்டதும் அது பாதி குறைந்தது. இந்த வகையில் ஸ்வீடனின் வாக்ஸ்டூல் நல்ல பேர் வாங்கியது. அதன் கால்கள் உள்ளே போய் நீளும், நீட்டாமல் தாழ்வாகவும் உட்காரலாம். அடுப்புப் பிரச்சினைக்கு அது ஒரு விடை.

எழுந்திருப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. தாழ்வான நாற்காலியிலிருந்து நேராக எழ முயன்றால் முழங்கால்தான் முழுப் பாரமும் ஏற்கும். விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னால் இழுத்து, தொடையில் கை ஊன்றி எழ வேண்டும். கால் மடங்காத உயரமான பூட்ஸ் போட்டிருந்தால் பாதம் பின்னால் போகாது. ஆகவே வாங்கும்போது பூட்ஸோடு கடைக்குப் போங்கள். கூச்சம் வேண்டாம்.

சர்ச்சு

தீபக் தால், சூரஜ் தால் என்ற இரண்டு ஏரிகள், நடுவே ஜிங்ஜிங்பார், அப்புறம் பாராலாச்சா கணவாய். 4,850 மீட்டருக்கு மேல். விடிகாலையில் கிளம்பியதால் ஓடைகளில் தண்ணீர் குறைவு. வெயில் ஏறப் பனி உருகும், பிற்பகலில் அதே ஓடை சக்கரத்தின் பாதி வரை வரும். சாலைப் பணியாளர்கள் தார் பீப்பாய்க்குப் பக்கத்தில் கல் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்து கோடையெல்லாம் இங்கே வேலை செய்பவர்கள். அவர்கள் கைபட்ட சாலையில்தான் நாங்கள் எல்லோரும் சாகசம் என்று சொல்லிக்கொண்டு போகிறோம். நிறுத்தி, கொஞ்சம் முறுக்கும் கடலைமிட்டாயும் கொடுத்துவிட்டு வந்தோம்.

சர்ச்சுவில் தலை லேசாகக் கனத்தது. மாமாவுக்கும் அப்படியே. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம். இந்த உயரத்தில் இருக்கையின் பயன் வேறு மாதிரி. ஒரு முறை குனிந்து நிமிர்ந்தாலே மூச்சு வாங்குகிறது. டென்ட் முளை அடித்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார வேண்டியிருந்தது. தண்ணீர் இங்கே 86 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் அரிசி லேசில் வேகாது. பருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். சமையல் நேரம் நீள்வதால் உட்காரும் நேரமும் நீள்கிறது. அடுப்பு, தண்ணீர், டப்பா, கரண்டி, டார்ச் எல்லாவற்றையும் கை எட்டும் வட்டத்துக்குள் வைத்துக்கொண்ட பிறகே உட்கார்ந்தேன். ஒரு முறை எழுவதை மிச்சம் பிடித்தால் அது இங்கே பெரிய லாபம்.

சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் வெளியே இருக்க முடியவில்லை. கம்பி நாற்காலிக்கு அடியில் காற்று ஓடுகிறது. மெல்லிய துணி வழியாகக் குளிர் நேராக முதுகில் ஏறுகிறது. வலைத்துணி வைத்த நாற்காலி என்றால் இன்னும் மோசம். அது நம் ஊர் வெக்கைக்கு ஏற்றது. ஃப்ளீஸ் சட்டையை நாற்காலிக்கு மாட்டிவிட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். அரை மணிதான்.

அப்புறம் தரை நாற்காலியின் நேரம். டென்டுக்குள் அது ராஜா. கம்பி இல்லை, கூர்மையான கால் இல்லை, டென்ட் தரையைக் கிழிக்காது. ஃபோம் குளிரை அண்ட விடுவதில்லை. பூட்ஸைக் கழற்றியபின் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபோது, இலை போட்டுப் பந்தியில் உட்கார்ந்து பழகிய உடம்புக்கு இதுதான் இருக்கை என்று தோன்றியது. வெளிநாட்டுக்காரர்கள் பலர் காலை நீட்டி உட்கார்ந்து தொடைப் பின்பக்கம் இழுக்கிறது என்று இதைக் குறை சொல்வதுண்டு. சம்மணம் வருபவர்களுக்கு அந்தக் குறையே இல்லை. இரவு அதை விரித்து, தூங்கும் பாயின் அடியில் இடுப்புக்கு நேராகப் போட்டுக்கொண்டேன். இரண்டு வேலை.

மாமா சம்மணம் போட மாட்டார், டிஸ்க் விடாது. ஸ்லீப்பிங் பைக்குள் படுத்தபடியே கஞ்சி குடித்தார்.

மோரே சமவெளி, தேப்ரிங் பக்கம்

கட்டா லூப்ஸின் 21 வளைவுகள், நக்கீ லா, லாச்சுங் லா (லா என்றால் கணவாய்), அப்புறம் பாங். பாங் வரை மண்ணும் குழியுமாக உலுக்கி எடுத்துவிட்டது. பாங்கில் லடாக்கிப் பெண்கள் நடத்தும் கூடாரக் கடை ஒன்றில் சூடாக ராஜ்மா சோறு. தரையோடு தரையாகப் போட்ட மெத்தை, முன்னால் தாழ்வான மேசை. அந்த உயரம் எத்தனை பொருத்தம்!

சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். நாற்காலியின் ஒரு மூலையில் தையல் பிரிந்திருந்தது. கம்பி முனை நுழையும் சின்னப் பை இருக்கிறதே, அதன் ஓரத்தில். இந்த வகை நாற்காலியின் மொத்தப் பாரமும் அந்த நாலு பைகளில்தான் தொங்குகிறது. நல்ல தயாரிப்பில் அங்கே குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமான பூட்டுத் தையல் இருக்கும், உள்ளே கூடுதலாக ஒரு பட்டை வைத்திருப்பார்கள். என்னுடையதில் ஒற்றைத் தையல் மட்டும். கம்பிகளின் மேல் கறுப்புப் பொடியும் படிந்திருந்தது: குலுக்கலில் அலுமினியம் ஒன்றோடொன்று உரசிய துகள். கம்பிக் கட்டைப் பழைய துண்டில் சுற்றி வைத்தால் அது நிற்கும்.

மோரே சமவெளி நாற்பது கி.மீ. தட்டையாக விரிகிறது, கடல் மட்டத்திலிருந்து 4,700 மீட்டருக்கு மேல். காற்று தடுப்பாரின்றி வருகிறது. படம் எடுக்க நிறுத்தி முக்காலியை விரித்தோம். மாமா எழுந்த மறு நொடி அது உருண்டு ஓடியது. இலேசான இருக்கை எதுவானாலும் இப்படித்தான். தண்ணீர் பாட்டிலை உறைப்பையில் போட்டு இருக்கையில் தொங்கவிடுவது, இல்லாவிட்டால் மூட்டை கட்டும் எலாஸ்டிக் பங்ஜி கயிற்றின் கொக்கியை வண்டியில் மாட்டிவிடுவது, இரண்டில் ஒன்றைப் பழக்கமாக்கிக்கொண்டோம்.

அலுமினியப் பன்னியர் பெட்டியைக் கழற்றி அதன் மேலேயே உட்காரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உட்காரலாம், நானும் உட்கார்ந்தேன். உயரம் நன்றாகவே இருக்கிறது. மூடியின் விளிம்பு உறுத்தும், உலோகம் சில்லென்று இருக்கும், உள்ளே இருக்கும் டப்பா வேண்டும் என்றால் எழுந்தாக வேண்டும். டீ நிறுத்தத்துக்குப் போதும், மாலைக்குப் போதாது.

லே

தாங்லாங் லா 5,328 மீட்டர். அதைக் கடந்து ரும்ஸே, உப்ஷி, சிந்து நதிக்கரை, லே. பார்லி அறுத்து அடுக்கிய வயல்கள். இறங்க இறங்க மூச்சு சுலபமாகிறது.

சாலையோரம் மணிச் சுவர்கள் நிறைய வருகின்றன: மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிக் கட்டிய நீளச் சுவர். உட்காரத் தோதான உயரம்தான். ஆனால் அதன் மேல் உட்காரவோ சாயவோ கூடாது, வலம் வரும் முறையில் கடக்க வேண்டும். இருக்கை கையோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று மாமா சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

லே கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் ஒரு பெரியவர் கிழிந்த மூலையைப் பார்த்தார். சீட்பெல்ட் வார் போன்ற கெட்டிப் பட்டையை உள்ளே வைத்து, மெழுகு பூசிய நைலான் நூலால் மூன்று வரிசை தைத்துக் கொடுத்தார். மற்ற மூன்று மூலைகளையும் அப்படியே செய்யச் சொன்னேன். இப்போது இது புதிதாக வாங்கியபோது இருந்ததை விட உறுதி. புது நாற்காலி வாங்குகிறவர்கள் ஊரிலேயே இதைச் செய்துகொண்டு கிளம்பலாம். வண்டிக்கு சீட் கவர் தைக்கும் கடையில் அரை மணி வேலை.

ஹுண்டர்

கர்துங் லாவைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கூட்டம், படம், டீ, இறக்கம். திஸ்கித்தின் 32 மீட்டர் மைத்ரேய புத்தர் சிலை வெகு தூரத்திலிருந்தே தெரிந்தது.

ஹுண்டரில் மணல். இரட்டைத் திமில் ஒட்டகங்கள், முள்செடிகளில் ஆரஞ்சு நிறப் பழம். ஒரு வீட்டின் தோட்டத்தில் டென்ட் போட இடம் கொடுத்தார்கள், தோட்டம் முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பின்கால் இரண்டும் நேராக உள்ளே போய்விட்டன.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலின் முனை 2 செ.மீ. விட்டம் என்றால் நாலு காலுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு சதுர செ.மீ. சொச்சம். அதில் 75 கிலோ ஆள் உட்கார்ந்தால் சதுர செ.மீ.க்கு 6 கிலோ. வண்டியின் டயர் தரையை அழுத்துவது ஏறக்குறைய அதனுள் இருக்கும் காற்றழுத்த அளவுக்குத்தான், அதாவது 2 கிலோ பக்கம். கிட்டத்தட்ட 200 கிலோ வண்டி மேலே நிற்கிற மணலில் ஒரு கிலோ நாற்காலி புதைவது இதனால்தான். முக்காலிக்கு ஒரு கால் குறைவு, அழுத்தம் இன்னும் கூடுதல்.

விடையும் வண்டியிடமே இருக்கிறது. சைடு ஸ்டாண்ட் புதையாமல் இருக்க அடியில் தட்டு வைக்கிறோம் இல்லையா, அதே வேலை. பழைய ஹவாய் செருப்பை நாலு வட்டமாக வெட்டி, நடுவில் காலின் அளவுக்குப் பாதி ஆழம் குழித்து மாட்டினேன். எட்டு செ.மீ. வட்டம் என்றால் ஒவ்வொன்றும் ஐம்பது சதுர செ.மீ. வந்துவிடுகிறது. ரப்பர் கொஞ்சம் வளைவதால் அத்தனையும் பயன்படாது, ஆனாலும் நாற்காலி நின்றது. டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டுகிறவர்களும் உண்டு. அது பெட்டியில் நிறைய இடம் பிடிக்கும். செருப்பு வட்டம் தட்டையாகப் போய்விடும்.

தோட்டத்தில் ஒரு ஜெர்மன் தம்பதியும் தங்கியிருந்தார்கள், ஊரிலிருந்தே வண்டியில் வந்தவர்கள். அவர்கள் விரித்ததைப் பார்த்ததும் மாமா கிட்டே போய் நின்றுவிட்டார். கெர்மிட் நாற்காலி. அமெரிக்காவின் நாஷ்வில்லில் செய்வது. ஓக் மரச் சட்டம், கெட்டி நைலான் துணி, கைப்பிடியும் உண்டு. எடை இரண்டரைக் கிலோ, பிரித்து அடுக்கினால் அரை மீட்டருக்குச் சற்று அதிகம். பைக்கில் போகிறவர்களிடையே தனி மரியாதை உள்ள நாற்காலி. மாமாவை உட்காரச் சொன்னார்கள். துணி மரச்சட்டத்தில் இறுக்கமாக நிற்பதால் இடுப்பு இறங்கவில்லை, முதுகு நேராகச் சாய்ந்தது.  கைப்பிடியை ஊன்றி ஒரே மூச்சில் எழுந்தார்.

"ரெண்டரைக் கிலோ எனக்குப் பாரமே இல்ல மாப்ளே. என் இடுப்புதான் பாரம்."

எடைதான் பெரிது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். நடைபயணம் போகிறவர் முதுகில் சுமக்கிறார், அவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு. நமக்குச் சுமப்பது வண்டி. ஒன்றரைக் கிலோ கூடுதல் என்பது இரண்டு லிட்டர் பெட்ரோலின் எடை. அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்: தாழ்வாக, பின்சக்கர அச்சுக்கு முன்னால், இரண்டு பக்கமும் சமமாக. பின்சீட்டில் நமக்குப் பின்னாலேயே குறுக்காகக் கட்டி முதுகுக்கு அண்டை கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி மூட்டை என்றால் சரி. விழுந்தால் முதுகெலும்புக்கு நேரே உலோகக் கம்பி இருக்கும்படி கட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

மான், பாங்காங் கரை

ஷ்யோக் வழியாக வந்தோம். பாங்காங் 4,225 மீட்டர் உயரத்தில், 134 கி.மீ. நீளம், உப்பு நீர். நீலத்தை விவரிக்க நான் முயலப் போவதில்லை. கரையோரத்தில் டென்ட் போடாமல் கிராமத்து வீடொன்றின் முற்றத்தில் போட்டோம், கல் சுவர் காற்றை மறித்தது.

முக்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, தரை நாற்காலியை மடித்துச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் செருகினார் மாமா. உயரம் இருக்கிறது, இறுக்கமான துணி இருக்கிறது, சாய்மானமும் வந்துவிட்டது. இந்தப் பயணத்திலேயே முதல்முறையாக அடுப்பு அணையும் வரை எழாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு எதிரே கம்பி நாற்காலியில், செருப்பு வட்டங்களோடு. எனக்கு இதை மாற்றும் எண்ணம் இல்லை. முப்பதுகளில் இருக்கும் முதுகுக்கும், தரையில் சமைக்கிற கைக்கும் இது சரியான உயரம். தரை நாற்காலி இரவுக்கு என்று கூடவே வரும்.

சாப்பிட்டபின் மாமா என் குறிப்பேட்டை வாங்கிப் படம் போட ஆரம்பித்தார். கோவை போனதும் செய்யப்போகும் இருக்கை. உயரம் 38 செ.மீ.; அவர் பூட்ஸோடு முழங்காலை அளந்து எடுத்த கணக்கு. நாலு கால் இல்லை, மணலில் புதையாமல் இருக்கத் தரையோடு இரண்டு கட்டை. துணியின் இரு ஓரத்திலும் குழாய் நுழையும் மடிப்பு, தொய்ந்தால் இறுக்க ஒரு பக்கிள். சாய்மானம் இடுப்பு உயரத்துக்கு மட்டும், அதற்கு மேல் வேண்டாமாம். பிரித்தால் 50 செ.மீ.க்குள் அடங்க வேண்டும், அதுதான் பன்னியரின் உள்நீளத்தைப் பார்த்து நான் போட்ட நிபந்தனை. சட்டத்துக்கு அலுமினியக் குழாய் என்று முடிவாகிவிட்டது. துணியில்தான் இன்னும் பேச்சு ஓடுகிறது. அவர் லாரித் தார்ப்பாயில் போடும் கான்வாஸ் என்கிறார், நான் ஈரத்தில் கனக்காத கார்டுரா நைலான் என்கிறேன். நாளை லே திரும்பும் வழியில், சாங் லாவில் டீக்கு நிறுத்தும்போது மறுபடி தொடங்குவார்.